ஓய்வுபெறும் உரிமையாளரிடமிருந்து தவணை முறையில் வாங்கப்பட்ட அரிசி ஆலை: கிளிநொச்சி மாவட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதிக்குக் கிழக்கே இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை அண்டி இயங்கிவரும் நடுத்தர அரிசி ஆலை ஒன்று, 2021ஆம் ஆண்டுக்கும் 2025ஆம் ஆண்டுக்கும் இடையில் கைமாறியது. வாங்கியவர் வங்கிக் கடனில் அதை வாங்கவில்லை. விலையின் பெரும்பகுதியை விற்றவரே பொறுத்திருந்து, வட்டியுடன் தவணை தவணையாகப் பெற்றுக்கொண்டார். இரு தரப்பினரும் கேட்டுக்கொண்டதால், கணக்குகளைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பில் நான் தொடக்கம் முதல் உடனிருந்தேன். இருவரும் இதை எழுதச் சம்மதித்துள்ளனர். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மட்டும் தவிர்க்கப்பட்டுள்ளன.

விற்றவருக்கு அப்போது வயது 69. எண்பதுகளின் பிற்பகுதியில் காணியை வாங்கி ஆலையைத் தொடங்கியவர். 2008ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்டு வந்து, 2011இல் கூரையில்லாத சுவர்களின் மேல் மறுபடியும் ஆலையை எழுப்பினார். மகள் கனடாவிலும் மகன் பிரான்சிலும் குடியிருக்கின்றனர். இருவருக்கும் ஆலையை நடத்தத் திரும்பி வரும் எண்ணம் இல்லை. முழங்கால் நோவும் இரத்த அழுத்தமும் கூடியபின், அறுவடைக் காலத்தில் இரவு முழுவதும் விழித்திருந்து நெல் கொள்வனவு செய்ய அவரால் இயலவில்லை.

வாங்கியவர் 38 வயதுக்காரர். அதே ஆலையில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, பின்னர் நெல் வாங்கி விற்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியவர். விற்றவரை அவர் ‘ஐயா’ என்றும், அவர் இவரைத் ‘தம்பி’ என்றும் அழைப்பது வழக்கம். பேச்சு தொடங்கியபோது இந்த உறவே பெரிய பலமாகத் தெரிந்தது. ஆனால் எழுத்தில் எதுவும் வேண்டாம் என்ற எண்ணத்தை இருவருக்கும் கொடுத்ததும் அதே உறவுதான்.

முதலில் பேசிக்கொண்ட ஏற்பாடு

2021 ஜனவரியில் அவர்கள் தமக்குள் பேசி முடித்திருந்த ஏற்பாடு எளிமையானது. ஆலை, களம், களஞ்சியங்கள், இயந்திரங்கள் அனைத்துக்கும் சேர்த்து 2 கோடி ரூபாய் விலை. அதில் 1 கோடியை உடனே கொடுப்பது, மிகுதியை ஐந்து ஆண்டுகளில் ‘வசதிப்படி’ கொடுப்பது, முழுப் பணமும் தீர்ந்த பின்னர் காணியைப் பெயர்மாற்றும் உறுதி எழுதுவது என்பதே முடிவு. இதை ஒரு தாளில் எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும் என்று இருவரும் கருதினர். வன்னியில் இப்படி எழுதி வைத்திருக்கும் தாள்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் வாங்குபவருக்கு இருந்த ஆபத்தை அவர் உணர்ந்திருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உறுதி மட்டுமன்றி, விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்படாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. சமாதான நீதவானின் முத்திரை அந்தக் குறையை நிரப்பாது. 1 கோடி ரூபாயைக் கொடுத்துவிட்டு ஆலையை நடத்திக்கொண்டிருக்கும்போது விற்பவர் காலமானால், காணி அவருடைய மனைவிக்கும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். வாங்குபவரின் கையில் இருப்பது அவர்கள் மதித்தால் மட்டுமே பெறுமதியுள்ள ஒரு தாள். விற்பவருக்கும் ஆபத்து இருந்தது. ‘வசதிப்படி’ என்ற சொல்லுக்கு நாளும் இல்லை, தொகையும் இல்லை.

வங்கி வழியையும் பார்த்தார்கள். வாங்குபவர் விண்ணப்பித்த வங்கி, உடனடியாக விற்றால் கிடைக்கக்கூடிய குறைந்த பெறுமதியை வைத்தே கணித்து, 50 இலட்சம் ரூபாய் வரை தரலாம் என்றது. கடன் கைக்கு வந்த அடுத்த மாதம் முதல் சமமான மாதத் தவணை கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நெல் வியாபாரத்தில் அவர் வைத்திருந்த கணக்குகள் போதிய வருமானச் சான்றாக ஏற்கப்படவில்லை.

ஆவணங்களைப் பார்த்தபோது தெரிந்தவை

பெப்ரவரியில் ஆவணங்களைத் தேடத் தொடங்கினோம். மூல உறுதியை விற்றவரின் மனைவி இடப்பெயர்வு முழுவதும் பொலித்தீன் பையில் சுற்றித் தம்முடனேயே வைத்திருந்தார். ஆயினும் நீர் பட்டு ஒரு மூலை கரைந்து, நில அளவைப் படத்தின் இலக்கம் வாசிக்க முடியாமல் இருந்தது. நொத்தாரிசுகள் தாம் எழுதும் உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால், அங்கிருந்து உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற முடிந்தது.

அதே தேடலில், ஆலையைத் திருப்பிக் கட்டுவதற்காக 2012இல் பெற்ற வங்கிக் கடனுக்கான ஈடு (அடமானம்) பதிவேட்டில் இன்னும் உயிருடன் இருப்பது தெரியவந்தது. கடன் 2017இலேயே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஈட்டை மீட்கும் முறி (பத்திரம்) மட்டும் எழுதப்படவில்லை. கடன் தீர்ந்ததற்கான கடிதம் கையில் இருந்தால் போதும் என்று விற்றவர் நினைத்திருந்தார். இது பலருக்கும் நேர்வது. இதைச் சரிசெய்யச் சில வாரங்கள் பிடித்தன.

நில அளவையாளர் வந்த நாளில் வெளிப்பட்டதே பெரிய சிக்கல். அவர் பழைய எல்லைக் கற்களைக் கண்டுபிடித்து, நாடாவை இழுத்து, எல்லைக் கோட்டைச் சுண்ணாம்பால் கீறியபோது, அந்தக் கோடு நெல் காயவிட்டிருந்த சீமெந்துக் களத்தின் குறுக்கே ஓடியது. கோட்டின் இருபுறமும் ஒரே நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆலைக் கட்டடமும் அவியல் தொட்டிகளும் 10 பரப்பு உறுதிக் காணிக்குள் இருந்தன. களத்தின் முக்கால் பங்கும் ஒரு களஞ்சியமும் பக்கத்துக் காணியில் இருந்தன. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விற்றவருக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அனுபவிக்க அனுமதி மட்டும் கொடுக்கப்பட்ட அரச காணி.

வன்னியில் குளங்களைச் சார்ந்த குடியேற்றத் திட்டங்களில் இத்தகைய காணிகள் ஏராளம். முப்பது ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தவர் அதைத் தம் சொந்தக் காணியாகவே எண்ணுவார். அதில் பிழையும் இல்லை. ஆனால் பிரதேச செயலாளரின் அனுமதி இன்றி அத்தகைய காணியைக் கைமாற்ற முடியாது. சட்டத்துக்கு மாறாகச் செய்யப்படும் கைமாற்றம் வெற்றானது. அதற்கான உறுதியை அத்தாட்சிப்படுத்த நொத்தாரிசுக்கும் தடை உண்டு. வாங்குபவர் 2 கோடி ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்த சொத்தில் ஒரு பகுதியை விற்பவரால் விற்கவே முடியாது என்பதே இதன் பொருள்.

மே மாத இறுதியில் தொடங்கிய பயணக் கட்டுப்பாட்டினாலும், ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நீடித்த ஊரடங்கினாலும் வேலைகள் தள்ளிப்போயின. அந்த இடைவெளியில் பேச்சுவார்த்தையைத் தொலைபேசியில் நடத்தினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது முடிவு, அனுமதிப்பத்திரக் காணியை முற்றாக ஏற்பாட்டிலிருந்து நீக்குவது. விற்றவருக்கு இது கசப்பாகவே இருந்தது. “நான் ஊத்தின சீமெந்துக்கு விலை இல்லையோ தம்பி?” என்று அவர் கேட்டதற்கு வாங்குபவரால் பதில் சொல்ல முடியவில்லை. இறுதியில் விலை 1 கோடியே 65 இலட்சமாகக் குறைந்தது: காணிக்கும் கட்டடத்துக்கும் 120 இலட்சம், இயந்திரங்களுக்கு 45 இலட்சம். ஆலைக்குப் பின்னால் உமி குவிக்கப்பட்டிருந்த இடத்தைத் துப்புரவாக்கிப் புதிய களம் போடுவதென்றும், அது முடியும் வரை முதற்போகத்தில் விற்றவரே தம் பொறுப்பில் பழைய களத்தில் நெல்லைக் காயவைத்துக் கொடுத்து மூடைக்குக் கூலி பெறுவதென்றும் ஒத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது முடிவு, உறுதியை உடனே எழுதுவது. எழுதும் அதே வேளையில், மிகுதிப் பணத்துக்குப் பிணையாக அதே காணியை விற்றவருக்கு முதலாம் ஈடாக வைப்பது. வேறு இரண்டு வழிகளையும் ஆராய்ந்தோம். நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை மட்டும் எழுதி உறுதியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால், விற்றவரின் மரணமோ அவருடைய பிற கடன்களோ வாங்குபவரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அச்சுறுத்தியிருக்கும். குத்தகைக்கு எடுத்துப் பின்னர் வாங்கும் வழியில், சொந்தமாகாத காணியில் களம் போடவும் இயந்திரம் மாற்றவும் வாங்குபவர் தயங்கியிருப்பார். உறுதியும் ஈடும் ஒன்றாக எழுதப்பட்டால் வாங்குபவருக்கு உரித்து கிடைக்கிறது. விற்றவருக்கு அந்த உரித்தின் மேல் முதற்பிடி கிடைக்கிறது.

இதில் விற்றவர் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று இருந்தது. கடன் வாங்கியவர் தவறினால், வங்கிகள் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். தனியொருவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் மாவட்ட நீதிமன்றத்தில் ஈட்டு வழக்குத் தொடுத்தே பணத்தை அறவிட வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அவருடைய பாதுகாப்பு ஈட்டு முறியில் மட்டும் தங்கியிருக்க முடியாது. வாங்குபவர் கட்டக்கூடிய அளவிலும் கட்டக்கூடிய நாளிலும் தவணையை வைப்பதே அதைவிட வலுவான பாதுகாப்பு என்று அவரிடம் சொன்னேன். பிந்திய முடிவுகள் எல்லாம் இந்தக் கருத்திலிருந்தே பிறந்தன.

முற்பணம். விற்றவர் முதலில் 100 இலட்சம் கேட்டிருந்தார். வாங்குபவரிடம் நெல் வியாபாரத்தில் சேர்த்த 28 இலட்சம், வெட்டு மெசினில் இருந்த பங்கை விற்றதில் 15 இலட்சம், மனைவியின் நகைகளை விற்றதில் 10 இலட்சம், வெளிநாட்டிலுள்ள மைத்துனரின் கைமாற்று 12 இலட்சம் என 65 இலட்சம் இருந்தது. இதற்கு மேல் கொடுக்க வேண்டுமானால் அவர் மாத வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டியிருந்திருக்கும். அப்படி எடுத்திருந்தால், பெப்ரவரியில் காலபோக அறுவடை தொடங்கும்போது நெல் வாங்கக் கையில் காசு இருந்திராது. நெல் இல்லாத ஆலை தவணை கட்டாது. விற்றவரிடம், உடனடியாக எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்று பட்டியல் எழுதச் சொன்னோம். வீட்டுத் திருத்தம், மருத்துவம், வரி, சில்லறைக் கடன்கள் எல்லாம் சேர்ந்து 60 இலட்சத்துக்குள் அடங்கின. மிகுதியை வங்கியில் நிலையான வைப்பில் இடுவதே அவர் எண்ணம். அப்போது அதற்குக் கிடைத்த வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 5, 6 வீதம் அளவில்தான் இருந்தது. அந்தப் பணத்தை ஈட்டின் பாதுகாப்புடன் 10 வீதத்துக்கு ஆலையிலேயே விட்டுவைப்பது அவருக்கும் நல்லது என்று கண்டார்.

65 இலட்சத்தில் முதல் 45 இலட்சம் இயந்திரங்களுக்குரிய முழு விலையாகக் கழிக்கப்பட்டது. இயந்திரம் தேயும், இடம் மாறும், காணி அப்படியன்று. கடன் தேயாத சொத்தின் மேல் நிற்பதே விற்றவருக்கு நல்லது என்பதால் இந்த ஒழுங்கு. மோட்டர், தவிடு பிரிக்கும் சல்லடை, பொயிலர் வரை தனித்தனியே பட்டியலிட்டு இருவரும் ஒப்பமிட்டனர்.

தவணை நாட்கள். வங்கியின் மாதத் தவணை ஆலைக்குப் பொருந்தாததற்குக் காரணம், ஆலையின் பணம் மாதத்தோடு நடப்பதில்லை, போகத்தோடு நடக்கிறது. பெப்ரவரி, மார்ச்சில் காலபோக நெல் வரும்போது கையிலிருக்கும் காசெல்லாம் நெல்லாகி விடுகிறது. ஏப்ரல் முதல் அரிசி விற்று அது திரும்பி வரும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக நெல்லுக்காக மறுபடியும் வெளியேறி, ஆண்டிறுதியில், புது நெல் வருமுன் அரிசி விலை ஏறி நிற்கும்போது, மீளும். எனவே 100 இலட்சம் கடன் முதலை, ஒவ்வொரு ஜூன் 15இலும் டிசெம்பர் 15இலும் 10 இலட்சமாகப் பத்துத் தவணைகளில் கட்டுவதென்றும், வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுவதென்றும் முடிவாயிற்று. முதல் மாத வட்டி 83,333 ரூபாய். வயதான தம்பதியரின் வீட்டுச் செலவுக்கு அது ஓய்வூதியம் போல வரும்; கடன் முதலின் ஒவ்வொரு தவணையோடும் 8,333 ரூபாயால் குறையும்.

போகம் பொய்க்கும் ஆண்டும் உண்டு. ஆகவே ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை, கடன் முதலின் தவணையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அடுத்த தவணை நாளுக்குத் தள்ளிவைக்க வாங்குபவருக்கு உரிமை கொடுக்கப்பட்டது. ஆனால் வட்டி நிற்கக்கூடாது. தவணை நாளுக்கு 30 நாட்கள் முன்னர் எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். இந்த வாசகத்தைச் சேர்க்க விற்றவரே முன்வந்தார். 2011க்குப் பின் தாம் வங்கிக் கடன் கட்டிய காலத்தை அவர் மறந்திருக்கவில்லை.

உறுதியில் எழுதும் விலை. முத்திரை வரி ஏறத்தாழ நூற்றுக்கு 4 வீதம் என்பதால், விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் எங்கும் உண்டு. 120 இலட்சத்துக்கு அது 4 இலட்சத்து 80 ஆயிரம் அளவில் வந்தது. இங்கே குறைத்து எழுத இடமிருக்கவில்லை: 60 இலட்சத்துக்கு வாங்கியதாக எழுதிய காணியை அதே நாளில் 100 இலட்சத்துக்கு ஈடு வைத்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் எந்தத் தாளை நம்புவது? முழு விலையும் எழுதப்பட்டது. விற்றவருக்கு மூலதன ஆதாய வரி உண்டு என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பழைய சொத்துகளுக்கு 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிய சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாகக் கொள்ளப்படும். மதிப்பீட்டாளர் அதை 95 இலட்சம் என்று கணித்தார். 25 இலட்சம் ஆதாயத்துக்கு அன்றைய 10 வீதப்படி வரி இரண்டரை இலட்சம். பணம் ஐந்து ஆண்டுகளில் வந்தாலும், உரித்து மாறும்போதே முழு வரியும் கட்ட வேண்டியிருந்ததால், அதுவும் முற்பணத் தேவைக்குள் அடக்கப்பட்டது.

குடும்பத்தின் சம்மதம். காணி திருமணத்துக்குப் பின் தேடிய தேட்டம் என்பதால் மனைவியும் உறுதியில் கையொப்பமிட்டார். வடமாகாணத்துக் காணி விற்கப்படும்போது, வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி கூட்டு உரித்தாளருக்கும், விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆகவே பிள்ளைகள் இருவருக்கும் விலையும் நிபந்தனையும் எழுத்தில் அறிவிக்கப்பட்டு, தமக்கு வேண்டாம் என்ற பதில் எழுத்தில் பெறப்பட்டது. ஈட்டுப் பணம் கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகவும், ஒருவர் இறந்தால் மற்றவருக்கும் செலுத்தப்பட வேண்டும் என்று முறியில் எழுதப்பட்டது. தீக்காப்புறுதியில் விற்றவரின் ஈட்டு உரிமையும் குறிக்கப்பட்டது. உமியும் நெருப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் இதை விட்டுவிடக்கூடாது.

2021 ஒக்டோபர் இறுதியில் உறுதியும் ஈட்டு முறியும் ஒரே அமர்வில் எழுதப்பட்டு, தாமதமின்றிப் பதிவுக்குக் கொடுக்கப்பட்டன. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவின் முந்துரிமை முக்கியம் என்பதால், இந்த அவசரம் தேவையானது.

தொடர்ந்து நடந்தவை

முதற்போகத்தில் விற்றவர் ஒவ்வொரு காலையும் ஆலைக்கு வந்தார். அறுவடைக் காலத்தில் வந்து முன்னிற்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். கமக்காரர் அவரை நம்பியே நெல்லை இறக்கிவிட்டுப் பணத்துக்குப் பொறுத்திருப்பவர்கள். வந்த மூடையில் கைவிட்டு நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி, அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்து, ‘நொறுக்’ என்று முறிந்தால்தான் ஏற்பார். நசுங்கினால் ஈரம் என்று திருப்பிவிடுவார். புதிய முதலாளி ஈரமானி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இருவரின் முடிவும் மாறுபட்ட நாட்களில் தொழிலாளர் யார் சொல்லைக் கேட்பது என்று தடுமாறினர். மார்ச் நடுப்பகுதியில் மூவரும் அமர்ந்து பேசினோம். கொள்வனவு முடிவு வாங்கியவருடையது, ஐயா கமக்காரரோடு பேசுவதற்கு மட்டும் வருவார் என்று தீர்மானித்து, அதைத் தொழிலாளருக்கு விற்றவரே தம் வாயால் சொன்னார். அதன்பின் அந்தப் பிரச்சினை தலைதூக்கவில்லை.

அந்தக் காலபோகமே மோசமானது. 2021 மே மாதம் முதல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டிருந்ததன் விளைவு, 2022 பெப்ரவரியில் வந்த மூடைகளில் தெரிந்தது: பதர் கூட, அரிசி குறைய. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. டீசல் கிடைக்காததால் லொறிகள் நின்றன. ஜூன் தவணைக்கு 30 நாட்கள் முன்னர் வாங்கியவர் அறிவித்தல் கொடுத்து, 4 இலட்சத்தை மட்டும் கட்டி, 6 இலட்சத்தை டிசெம்பருக்குத் தள்ளினார். தளர்வு வாசகம் இல்லாதிருந்தால் முதல் தவணையிலேயே அவர் முறியை மீறியவராகியிருப்பார்.

இதற்கிடையில் மறுபக்கம் நெருக்கடி விற்றவரைத் தாக்கியது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆண்டின் பிற்பகுதியில் நிலையான வைப்புகளுக்கே 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2021இல் ஒரு மாதச் செலவுக்குத் தாராளமாகப் போதிய 83,000 ரூபாய், 2022இல் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போதவில்லை. விற்றவர் குறைசொல்லவில்லை, அவருடைய மனைவிதான் என்னிடம் வந்து, “நாங்கள் வஞ்சிக்கப்பட்டதா நினைக்கேல்லை, ஆனா மாதம் முடியுதில்லை” என்றார்.

முறிப்படி வட்டி மாறாதது. வாங்கியவர் மறுத்திருந்தால் விற்றவரால் எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் அரிசி விலையும் ஏறியிருந்தது. அவருடைய கடன் ரூபாயில் அப்படியே நிற்க, விற்பனை வரவு பெருகியிருந்தது. நெல் விலை ஏறத்தாழ இரட்டித்ததால் கொள்வனவுக்கான முதலும் இரட்டிப்பாகத் தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. இரு பக்கக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பேசியதில், 2022 ஒக்டோபர் முதல் 2024 மார்ச் வரை 15 வீதம், அதன்பின் 12 வீதம் என்று முடிவாயிற்று. பதிலுக்கு, எந்த நேரத்திலும் அபராதமின்றி முழுக் கடனையும் தீர்க்க வாங்கியவருக்கு உரிமை கிடைத்தது. இதுவும் வாய்ப்பேச்சாக விடப்படாமல் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டது.

டிசெம்பர் 2022இல் நிலுவை 6 இலட்சத்தோடு சேர்த்து 16 இலட்சம் கட்டப்பட்டது; மிகுதி 80 இலட்சம். 2023ஆம் ஆண்டின் இரண்டு தவணைகளும் நாளுக்கு வந்தன. எல்லாக் கொடுப்பனவும் விற்றவரின் கூட்டுக் கணக்குக்கு வங்கி மூலமே போனது. அதோடு, இரண்டு சீ.ஆர். கொப்பிகளில் திகதி, வட்டி, முதல், மிகுதி என்ற நான்கு நிரல்களில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொன்றாக வைத்திருந்தனர். 2024இல் விற்றவர் சில மாதங்கள் மகளிடம் கனடாவுக்குச் சென்றபோது, மனைவி அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு தனியாகவே கணக்கைப் பார்த்துக்கொண்டார்.

முடிவு

2024 டிசெம்பர் தவணையோடு மிகுதி 40 இலட்சமாயிற்று. வங்கி வட்டிகள் இறங்கியிருந்தன. ஆலைக்கு மூன்று ஆண்டுக் கணக்குகளும், தவறாமல் கட்டிய தவணைப் பதிவும் இருந்தன. 2021இல் தயங்கிய வங்கி இப்போது ஈடு வைத்து 30 இலட்சம் கொடுத்தது. அதோடு 10 இலட்சத்தைச் சேர்த்து, 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், குறித்த காலத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே கடன் தீர்க்கப்பட்டது. விற்றவரின் ஈட்டை மீட்கும் முறி அதே நாளில் எழுதப்பட்டுப் பதிவாயிற்று. 2012ஆம் ஆண்டு ஈட்டில் நேர்ந்த தாமதம் மீண்டும் நேரவில்லை. விற்றவர் அந்தப் பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் வைப்பில் இட்டுள்ளார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விலை பேசுமுன் அளவையாளர் வர வேண்டும். இங்கே 2 கோடி என்ற எண் மனத்தில் பதிந்த பின்னரே எல்லைக் கோடு கீறப்பட்டது. அதனால் விலை குறைந்ததை விற்றவர் தமக்கு நேர்ந்த இழப்பாகவே உணர்ந்தார். வன்னியில் எந்தக் காணியிலும், எது உறுதி, எது அனுமதிப்பத்திரம், எது அளிப்பு (அரசு வழங்கும் உரித்துப் பத்திரம்) என்பதைப் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் முதலில் பார்த்துவிட்டே விலைக்குப் போவது முறை.

வட்டி மாற்றத்துக்கான வாசகம் முதல் முறியிலேயே இருக்க வேண்டும். உதாரணமாக, இரு தரப்பும் பெயர்குறித்த ஒரு வங்கியின் ஓராண்டு வைப்பு வட்டியை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, அதற்கு மேல் இத்தனை வீதம் என்று வைத்து, மேலும் கீழும் ஓர் எல்லை போடலாம். 2022இல் வாங்கியவர் நல்ல மனத்தோடு இணங்கினார். இன்னொருவர் இணங்காமல் போகலாம். வயதானவரின் உணவுக் காசு மற்றவரின் மனப்பாங்கில் தங்கியிருக்கக்கூடாது.

120 இலட்சம் பெறுமதியான காணியின் மேல் 100 இலட்சம் கடன் என்பது விற்றவருக்கு இறுக்கமான அளவு. இங்கே அதை ஏற்றதற்கு, வாங்கியவரைப் பல ஆண்டுகளாக அவர் அறிந்திருந்ததே காரணம். அறிமுகமில்லாதவருக்கு விற்பதாயின், கடன் காணிப் பெறுமதியின் மூன்றில் இரண்டைத் தாண்டாதிருக்க வேண்டும். அல்லது வாங்குபவரின் வேறொரு சொத்தும் ஈட்டில் சேர வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே சட்டத்தரணி இருந்ததையும் மாற்றுவேன். அவர் நேர்மையாகவே நடந்தார். ஆனாலும் வட்டி திருத்தும் பேச்சில் விற்றவருக்காக மட்டும் பேச ஒருவர் இருந்திருந்தால், அது ஐந்து மாதங்கள் முன்னரே தொடங்கியிருக்கும்.

மின் இணைப்பு, பிரதேச சபையின் வியாபார அனுமதி, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் பெயர் மாற்றும் வேலை உறுதிக்குப் பின்னர் தொடங்கப்பட்டதால், முதற்போகம் முழுவதும் அவை விற்றவரின் பெயரிலேயே இருந்தன. விபத்தொன்று நேர்ந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்திருக்கும். உறுதிக்கு முன்னரே விண்ணப்பங்களை நிரப்பி வைத்து, கையொப்பமிட்ட மறுநாள் கொடுப்பதே சரி.

புதிய களம் 2022 ஜூலையில் முடிந்தது. பழைய களம் இருக்கும் அனுமதிப்பத்திரக் காணிக்கு, விற்றவர் இப்போது அளிப்புப் பத்திரம் கேட்டுப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துள்ளார். மனைவியைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிப்பதற்கான படிவமும் அதனுடன் கொடுக்கப்பட்டுள்ளது.